எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) ஓர் இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற இவர், தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் அமெரிக்காவில் ஆய்வுப் பணியில் கழித்தார். தசைகள் சுருங்கத் தேவையான ஆற்றலைத் தரும் பாஸ்போகிரியாட்டின், ஏ.டி.பி. ஆகிய சேர்மங்களைக் கண்டறிந்தவர்களுள் இவரும் ஒருவர். போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்கும், யானைக்கால் நோய்க்கான டை எதில் கார்பமசின் மருந்தை உருவாக்கிய குழுவுக்கும் தலைமை வகித்தார். இவருடைய ஆய்வகத்தில் உருவான அமினோப்டெரின், மெத்தோடிரெக்சேட் ஆகிய மருந்துகள் கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சையின் தொடக்கப் படிகளாக அமைந்தன. தைமஸ் சுரப்பிக் கட்டி போன்ற அரிய புற்றுநோய்களுக்கும், அதனுடன் தொடர்புடைய தசைச் சோர்வு நோய்க்கும் இன்று அளிக்கப்படும் சிகிச்சை, இவர் பங்காற்றிய அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்ததாகும்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். இவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தை ஜகந்நாதம் வருவாய்த்துறையில் பணியாற்றியவர். உடல்நலக் குறைவால் முன்னதாகவே ஓய்வு பெற்றார். தாயார் வெங்கம்மா. ஏழு பிள்ளைகளில் சுப்பாராவ் நான்காமவர். குடும்பம் வறுமையில் இருந்தது.

படிப்பில் நாட்டமில்லாத சிறுவனாகவே இவர் வளர்ந்தார். காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பொருள் ஈட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடினார்; வழியிலேயே பிடிபட்டுத் திருப்பி அழைத்துவரப்பட்டார். தந்தையின் மறைவுக்குப் பின் தாயார் தம் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். இருமுறை தோல்வியுற்ற சுப்பாராவ், சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேசன் தேர்வில் வென்றார்.

சென்னையில் மருத்துவக் கல்வி

சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தபோது இவருக்குத் துறவு வாழ்வில் ஈடுபாடு ஏற்பட்டது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் இசையவில்லை. மடத்தைச் சேர்ந்தவர்களும் மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யுமாறு அறிவுறுத்தினர். அதன்படி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னர் இவருடைய மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் கல்விச் செலவுக்கு உதவினர். அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் மணந்தார்.

காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவ வகுப்புக்குக் கதராடை அணிந்து சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். தேர்வுகளை நன்றாக எழுதியிருந்தும் இவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடத் தகுதி குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. இதனால் அரசு மருத்துவப் பணியில் சேரும் முயற்சி கைகூடவில்லை.

இக்காலத்தில் இவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்புரூ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். வெப்ப மண்டல நாடுகளில் காணப்படும் இந்நோயில், உண்ணும் உணவின் சத்துக்களைக் குடல் உறிஞ்ச இயலாமல் போகிறது. இதனால் இரத்தசோகையும் உடல் மெலிவும் ஏற்படுகின்றன. சுப்பாராவையும் இந்நோய் தாக்கியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் இவர் உயிர் பிழைத்தார். பின்னர் லட்சுமிபதி சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே விரிவுரையாளராகவும் பணியாற்றினார். தம் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு அடிப்படை என்ன என்ற கேள்வி இவரை ஆய்வுத் துறையை நோக்கித் திருப்பியது.

அமெரிக்கப் பயணம்

மாமனாரின் பொருளுதவியுடனும், காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறக்கட்டளையின் உதவியுடனும் 1920களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். கருவுற்றிருந்த மனைவியிடம் சில ஆண்டுகளில் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றிருந்தார். இந்தியாவில் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். மகனை இவர் பார்க்கவே இல்லை. மனைவியையும் மீண்டும் சந்திக்கவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்து பட்டயம் பெற்றார். இவருடைய இந்திய மருத்துவச் சான்றிதழ் அங்கு மருத்துவராகப் பணிபுரியப் போதுமானதாக இல்லை. எனவே மருத்துவமனை ஒன்றில் இரவு நேர உதவியாளராக, நோயாளிகளின் கழிகலன்களைத் துப்புரவு செய்யும் வேலையைப் பார்த்துக்கொண்டே படித்தார். பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் ஆய்வில் இணைந்தார். 1930ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்.

தசை ஆற்றல் பற்றிய ஆய்வுகள்

இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவை நிறமாற்றத்தின் மூலம் அளவிடும் முறையொன்றை ஃபிஸ்க், சுப்பாராவ் இருவரும் 1925இல் வெளியிட்டனர். இது ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று அழைக்கப்படுகிறது. உயிர்வேதியியல் ஆய்வகங்களில் பல பத்தாண்டுகள் இம்முறை பயன்பட்டது.

இம்முறையைத் தசைச் சாற்றில் பயன்படுத்தியபோது நீல நிறம் வழக்கத்தைவிடத் தாமதமாகத் தோன்றுவதைக் கண்டனர். எளிதில் சிதைவுறும் பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று தசையில் இருப்பதே இதற்குக் காரணம் என்று அறிந்து, அதனைப் பிரித்தெடுத்தனர். அதுவே பாஸ்போகிரியாட்டின் ஆகும். இக்கண்டுபிடிப்பு 1927இல் வெளியானது. தசை வேலை செய்யும்போது இச்சேர்மத்தின் அளவு குறைவதையும், ஓய்வின்போது மீண்டும் கூடுவதையும் இவர்கள் காட்டினர்.

1929இல் தசையிலிருந்து அடினோசின் டிரைபாஸ்பேட் எனப்படும் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக இதனைக் கண்டறிந்தார். உயிரணுக்கள் அனைத்திலும் ஆற்றலை எடுத்துச் செல்லும் பொருள் ஏ.டி.பி. என்பது பின்னர் உறுதியாயிற்று. அதுவரை தசைச் சுருக்கத்திற்கு லாக்டிக் அமிலமே அடிப்படை என்று கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றியமைத்த ஆய்வுகளில் இவையும் அடங்கும்.

லெடர்லி ஆய்வகமும் போலிக் அமிலமும்

ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி கிடைக்காத நிலையில், 1940இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். இது அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் ஒரு பிரிவாகும். விரைவில் அதன் ஆய்வு இயக்குநரானார்.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பம்பாயில் கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றினால் அது குணமாவதை 1931இல் வெளியிட்டிருந்தார். அச்சாற்றில் இருந்த பொருள் பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதனை இயற்கைப் பொருள்களிலிருந்து மிகச் சிறிய அளவிலேயே பெற முடிந்தது. சுப்பாராவின் குழுவினர் அதன் அமைப்பைக் கண்டறிந்து, 1945இல் செயற்கையாகத் தயாரித்தனர். இதன்பின் நோயாளிகளுக்குத் தேவையான அளவில் இம்மருந்து கிடைத்தது. ஸ்புரூ நோயாளிகளின் இரத்தசோகையும் இதனால் குணமாயிற்று. தம் சகோதரர்கள் இறந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பிறகு, அந்நோய்க்கான மருந்தைச் சுப்பாராவ் உருவாக்கிவிட்டார்.

உலகின் முதல் டெட்ராசைக்ளின் வகை உயிர்எதிரியான ஆரியோமைசினை, தாவரவியலாளர் பெஞ்சமின் டகர் கண்டறிந்ததும் சுப்பாராவ் இயக்குநராக இருந்த இதே ஆய்வகத்தில்தான். இது 1948இல் அறிவிக்கப்பட்டது.

போலிக் அமில எதிர்ப்பொருள்களும் வேதிச்சிகிச்சையும்

உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த சிட்னி ஃபார்பர், லெடர்லி ஆய்வகத்திலிருந்து பெற்ற போலிக் அமிலச் சேர்மங்களை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தணியவில்லை, மாறாக விரைவுபட்டதாக அவருக்குத் தோன்றியது. அவ்வாறாயின் போலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் புற்றணுக்களின் வளர்ச்சி தடைபட வேண்டும் என்று அவர் கருதினார்.

அத்தகைய எதிர்ப்பொருள்களைச் சுப்பாராவின் குழுவினர் தயாரித்தனர். இவை போலிக் அமிலத்தைப் போன்ற தோற்றம் உடையவை. உயிரணுவில் உள்ள நொதி இவற்றை உண்மையான போலிக் அமிலம் எனக் கருதிப் பற்றிக்கொண்டு, செயலிழந்து விடுகிறது. பூட்டில் பொருந்தும் ஆனால் திறக்காத சாவிக்கு இவற்றை ஒப்பிடலாம். இவற்றுள் அமினோப்டெரின் என்னும் பொருளை ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று ஜூன் 1948இல் அவர் வெளியிட்டார். அதுவரை சில வாரங்களிலோ மாதங்களிலோ உயிரைப் பறித்துவந்த ஒரு நோயை மருந்தால் தணிக்க முடியும் என்பதை இம்முடிவு காட்டியது. நோய் மீண்டும் வந்தது என்பதும் உண்மையே. ஒரு மருந்து மட்டும் போதாது, பல மருந்துகளைச் சேர்த்துத் தர வேண்டும் என்ற படிப்பினை இதிலிருந்தே பெறப்பட்டது.

அமினோப்டெரினை அடுத்து உருவான மெத்தோடிரெக்சேட், ஒப்பீட்டளவில் பாதுகாப்பானதாக இருந்ததால் நிலைபெற்றது. 1956இல் மின் சியு லீ, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் நச்சுக்கொடித் திசுவில் தோன்றும் கோரியோகார்சினோமா என்னும் புற்றுநோயை இம்மருந்தால் குணப்படுத்தியதை வெளியிட்டனர். உடலில் திடக்கட்டியாகப் பரவிய புற்றுநோய் ஒன்று மருந்தினால் மட்டும் குணமானது அதுவே முதன்முறை ஆகும்.

தைமஸ் கட்டியும் தசைச் சோர்வு நோயும்

தசையின் ஆற்றல், உயிரணுப் பிரிவைத் தடுக்கும் மருந்து ஆகிய சுப்பாராவின் இரு ஆய்வுத் துறைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க உதவும் நோய் மயஸ்தீனியா கிராவிஸ் எனப்படும் தசைச் சோர்வு நோய் ஆகும். இந்நோயில் கண் இமை தொங்குதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், மெல்லவும் விழுங்கவும் இயலாமை, கை கால் சோர்வு ஆகியன காணப்படும். வேலை செய்யச் செய்யச் சோர்வு கூடும், ஓய்வெடுத்தால் குறையும்.

இக்குறிகளைக் கொண்டு தசையில் ஆற்றல் தீர்ந்துவிட்டதாக எண்ணத் தோன்றும். ஆனால் இந்நோயாளிகளின் தசையில் ஏ.டி.பி.க்குக் குறைவில்லை. நரம்பு தசையைச் சேரும் இடத்தில்தான் கோளாறு உள்ளது. நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை ஏற்கும் ஏற்பிகளை, உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தாக்கி அழிக்கிறது. எனவே இது தன்னுடல் தாக்குநோய்களுள் ஒன்றாகும். 1973இல் ஜிம் பாட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் ஆகியோர் முயல்களில் இதே நோயை உண்டாக்கிக் காட்டியபோது இதன் தன்மை தெளிவாயிற்று.

நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி, நோய் எதிர்ப்புக்குரிய டி அணுக்களைப் பயிற்றுவிக்கும் உறுப்பாகும். சொந்த உடலைத் தாக்கக்கூடிய அணுக்களை அது வடிகட்டி அழிக்கிறது. தைமஸில் கட்டி உண்டானால் இவ்வடிகட்டல் குலைகிறது. தசைச் சோர்வு நோயாளிகளில் 100க்கு 10 முதல் 15 பேருக்குத் தைமஸ் கட்டி உள்ளது. மறுபுறம், தைமஸ் கட்டி உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் தசைச் சோர்வு நோய்க்கு ஆளாகின்றனர். இதனால் தசைச் சோர்வு நோய் உறுதியானவுடன் மார்புப் பகுதியை சி.டி. ஸ்கேன் மூலம் சோதிப்பது வழக்கம்.

1936இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆல்பிரட் பிளேலாக் தசைச் சோர்வு நோயுள்ள இளம்பெண் ஒருவரின் தைமஸ் கட்டியை அகற்றினார். அவருடைய தசைச் சோர்வு பெரிதும் குறைந்தது. இன்றும் அறுவை மருத்துவமே தைமஸ் கட்டிக்கு முதன்மைச் சிகிச்சை ஆகும். கட்டி பெரிய இரத்தக் குழாய்களிலோ நுரையீரல் உறையிலோ பரவி அறுவைக்கு இயலாத நிலையில் வேதிச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. சிஸ்பிளாட்டின், டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய மூன்றும் சேர்ந்த முறை பரவலாகப் பயன்படுகிறது. மெத்தோடிரெக்சேட் இவற்றுள் இல்லை. ஆயினும் பிரியும் அணுவைத் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துத் தரும் இம்முறை, 1948இல் அமினோப்டெரின் திறந்த பாதையில் வந்ததே ஆகும்.

கட்டி சுருங்கினாலோ அகற்றப்பட்டாலோ தசைச் சோர்வு உடனே நீங்கிவிடும் என்று கூற இயலாது. உடலில் முன்பே உருவான எதிர்ப்பொருள்களும் பயிற்சி தவறிய டி அணுக்களும் நீண்ட காலம் தங்கியிருக்கும். எனவே பிரிடோஸ்டிக்மின், ஸ்டீராய்டு, அசாதயோபிரின் போன்ற மருந்துகள் தொடர்ந்து தேவைப்படலாம். அமினோகிளைகோசைடு, புளுரோகுயினோலோன் வகை உயிர்எதிரிகள் தசைச் சோர்வை மிகுதிப்படுத்தக் கூடியவை. வேதிச்சிகிச்சையின்போது தொற்று ஏற்பட்டால் இவற்றைத் தெரிவு செய்வதில் கவனம் தேவை. மூச்சுத் தசைகள் சோர்ந்தால் உயிருக்கே ஆபத்து நேரும்.

மெத்தோடிரெக்சேட் குறைந்த அளவில் நோய் எதிர்ப்பு அமைப்பைத் தணிக்கிறது. முடக்குவாதம், சொரியாசிஸ் ஆகிய தன்னுடல் தாக்குநோய்களில் இது உலகெங்கும் பயன்படுகிறது. தசைச் சோர்வு நோயில் ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க இது உதவுமா என்று 50 நோயாளிகளிடம் 12 மாதங்கள் நடத்தப்பட்ட ஆய்வு 2016இல் வெளியானது. எதிர்பார்த்த பயன் அதில் உறுதிப்படவில்லை. தன்னுடல் தாக்குநோய்களுக்கு இம்மருந்து வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே கொடுக்கப்படுகிறது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டு உயிரிழந்தவர்களும் உண்டு. இதன் பக்க விளைவுகளைக் குறைக்கப் போலிக் அமில மாத்திரையும் உடன் தரப்படுகிறது. ஆகவே ஒரே மருந்துச் சீட்டில் சுப்பாராவின் குழு தந்த மருந்தும் அதன் எதிர்மருந்தும் இடம்பெறுகின்றன.

யானைக்கால் நோய் மருந்தும் விழுப்புரம் மாவட்டமும்

சுப்பாராவின் ஆய்வகம் 1947இல் வெளியிட்ட டை எதில் கார்பமசின், யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் இளம் உயிரிகளை இரத்தத்திலிருந்து நீக்குகிறது. இது ஹெட்ரசான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தமிழகத்தில் டி.இ.சி. மாத்திரை என்று அறியப்படுகிறது.

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய விழுப்புரம் மாவட்டம், 1993இல் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. யானைக்கால் நோய் நெடுங்காலம் நிலவிய பகுதிகளுள் இதுவும் ஒன்று. இம்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் 1990களில் தொடங்கி, புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தினர் நீண்ட கால ஆய்வு நடத்தினர். ஊரார் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருவேளை டி.இ.சி. கொடுத்தால் நோய்ப் பரவல் குறையுமா என்பதே ஆய்வின் நோக்கம். பத்தாண்டு காலத்தில் தொற்றும் பரவலும் பெரிதும் குறைந்தன. வீடு வீடாகச் சென்று மாத்திரை வழங்கும் திட்டங்களுக்கு இத்தகைய ஆய்வுகள் வலுச் சேர்த்தன.

இம்மாவட்டத்தில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் தொடங்கப்பட்டது. தைமஸ் கட்டி போன்ற அரிய புற்றுநோய்களுக்கு இப்பகுதி மக்கள் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையையும் சென்னை மருத்துவமனைகளையும் நாடுகின்றனர். சுப்பாராவ் மருத்துவம் பயின்ற சென்னை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த அரசு பொது மருத்துவமனையும் அவற்றுள் ஒன்றாகும்.

மறைவு

ஆகஸ்ட் 1948இல், ஃபார்பரின் ஆய்வு முடிவுகள் வெளியான இரண்டு மாதங்களில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. மெத்தோடிரெக்சேட்டின் வெற்றியை அவர் காணவில்லை. அமெரிக்காவில் கால் நூற்றாண்டு வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமை பெறாமலே இறந்தார். இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் வழிவகுத்ததே 1946இல்தான்.

பரவலாக அறியப்படாமைக்கான காரணங்கள்

சுப்பாராவின் பணிகளோடு ஒப்பிடுகையில் அவருடைய பெயர் குறைவாகவே அறியப்பட்டுள்ளது. இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. கண்டுபிடிப்புகளை அறிவிக்கும் கூட்டங்களில் அவர் முன்வரிசையில் அமர்வதைத் தவிர்த்தார். லெடர்லியில் வெளியான பல கட்டுரைகளில் தம் பெயரைச் சேர்க்காமல், ஆய்வைச் செய்த இளைஞர்களின் பெயர்களையே இடம்பெறச் செய்தார். ஹார்வர்டில் இவருடன் பணியாற்றியவரும், 1988இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் பற்றிய ஆய்வுகளை ஃபிஸ்க் வெளியிட விடவில்லை என்றும், பிற்காலத்தில் மற்றவர்கள் அவற்றை மீண்டும் கண்டறிய நேர்ந்தது என்றும் தெரிவித்துள்ளார். அயல்நாட்டவர் என்ற நிலையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சிறப்புகள்

பூஞ்சை இனம் ஒன்றிற்கு இவர் நினைவாக சுப்பாரோமைசஸ் ஸ்பிளெண்டென்ஸ் என்று பெயரிடப்பட்டுள்ளது. நூற்றாண்டையொட்டி 1995இல் இந்திய அஞ்சல் துறை இவருடைய உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. போலிக் அமிலம், மெத்தோடிரெக்சேட், டை எதில் கார்பமசின் ஆகிய மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.